கையை விரி, கண்ணு

“இந்தக் கைய விரி, கண்ணு. ம். அந்தக் கை. இப்ப வாயத் தொற. நாக்கத் தூக்கு.”

பால்வாடி வாசலில் குந்தியபடி பச்சையம்மாள் டீச்சர் பிள்ளைகளை ஒவ்வொன்றாக உள்ளே விடுகிறார். சட்டைப் பைக்குள் விரலை விட்டுத் துழாவுகிறார். பாவாடை மடிப்பை உதறிப் பார்க்கிறார். நேற்று ஒரு பையனிடம் அகப்பட்டவை ஒரு பட்டன், இரண்டு புளியங்கொட்டை, செத்துப்போன ஒரு பொன்வண்டு. மூன்றையும் முந்தானையில் முடிந்து வைத்து, சாயங்காலம் அவன் அம்மாவிடம் ஒப்படைத்தார். பொன்வண்டையும்தான். பதினெட்டுப் பிள்ளைகள் உள்ளே போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகிவிடும். ஏர்போர்ட்டில்கூட இவ்வளவு குடைய மாட்டார்கள் என்று துபாய் போய்வந்த என் மச்சான் சொல்கிறான்.

எதிரே இருப்பது என் மாவு மில். ஆறு வருஷமாக அவரைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அரும்பாவூரிலிருந்து காலை பஸ்ஸில் வருவார். இறங்குவதற்குள் கண்டக்டரிடம் “படியில நிக்கிற புள்ளைய உள்ள இழுத்து வுடுங்க” என்று நாலு தடவையாவது சொல்லியிருப்பார். ஆண்டாயி ஆயா சோறு வடித்ததும் முதல் கவளம் டீச்சர் வாய்க்குத்தான். முட்டையை நூலால் அறுத்து மஞ்சள் கருவை முகர்ந்து பார்ப்பார். வேலியோரம் மேய்கிற ஆட்டைக்கூட அதட்டி விரட்டுவார். “ஏ, அதத் தின்னு தொலைச்சுராத!” ஆட்டுக்கு எது ஆகும், எது ஆகாது என்று இவர் சொல்லித்தர வேண்டியிருக்கிறது.

முன்பெல்லாம் இப்படியில்லை. நாள் முழுக்கப் பாட்டுத்தான், மில் சத்தத்தையும் மீறிக் கேட்கும். பிள்ளைகளுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்று உண்டு. “குடுக்கறவங்க கடைசி.” முறுக்கோ கொய்யாவோ யார் எதைக் கொண்டுவந்தாலும் எல்லாருக்கும் சமமாகக் கொடுத்துவிட்டுத்தான் தான் எடுத்துக்கொள்ள வேண்டும். தனக்கு மிஞ்சவில்லையென்றால் மற்ற பிள்ளைகள் எல்லாரும் அந்தப் பிள்ளைக்குக் கை தட்ட வேண்டும். என் மகன் அறிவரசன் இந்தக் கைதட்டலுக்கு ஆசைப்பட்டு வீட்டு வடையையெல்லாம் தெருவுக்கே கொடுத்துவிட்டு வந்து நிற்பான். எனக்குப் பெருமை தாங்காது.

போன ஐப்பசியில்தான் அது நடந்தது. டீசலுக்குப் பதிலாக எண்ணெய் எடுக்கலாம் என்று எங்கள் பக்கம் காட்டாமணக்கை நட ஆரம்பித்திருந்தார்கள். பிரவீணா என்ற நாலு வயதுப் பெண், உதிர்ந்து கிடந்த அந்த விதைகளைப் பாவாடையில் அள்ளிவந்து, கல்லால் தட்டி, உள்ளிருந்த வெள்ளைப் பருப்பை ஆளுக்கு மூன்றாகப் பங்கு வைத்தாள். நிலக்கடலைப் பருப்பு மாதிரி இனிக்குமாம். ஆயா அடுப்படியில் இருந்தார். டீச்சர் பின்கட்டில் எடை போடுகிற தராசை மாட்டிக்கொண்டிருந்தார்.

“கை தட்டுற சத்தம் கேட்டுச்சுங்க. யாரோ தனக்கில்லாமக் குடுத்துருக்குன்னு நெனைச்சேன். எனக்கு அம்புட்டு சந்தோசம்.” இன்றும் டீச்சர் இதையே திரும்பத் திரும்பச் சொல்கிறார்.

அரை மணி நேரத்தில் முதல் பிள்ளை வாந்தியெடுத்தது. அப்புறம் வரிசையாகப் பதினேழும். பால் வேனில் கேன்களை இறக்கிப் போட்டுவிட்டுப் பிள்ளைகளை ஏற்றினோம். பெரம்பலூர் போய்ச் சேரும்வரை அறிவரசனின் தலை என் தோளில் துவண்டு கிடந்தது. அன்று நான் பட்ட பயத்தை எந்த ஜென்மத்திலும் பட வேண்டாம். டாக்டர்கள் எல்லாரையும் காப்பாற்றிவிட்டார்கள்.

உயிர் தேறியது என்று தெரிந்த பிறகுதான் எங்களுக்குக் கோபம் வந்தது. பதினேழு பிள்ளைகளுக்கு டிரிப் ஏறுகிறது, கொடுத்தவள் மட்டும் குத்துக்கல்லாக நிற்கிறாள். “அது மட்டும் திங்கல பாத்தியா? இந்த வயசுலயே நெஞ்சுல வெசம்” என்று ஒருவர் சொன்னார். அந்த ஒருவர் நான்தான். எழுதவே வெட்கமாக இருக்கிறது. பிரவீணாவின் அம்மா கூட்டத்துக்குப் பயந்து, எங்கள் கண்ணெதிரிலேயே மகளின் இரண்டு கைகளிலும் விளக்குமாற்றால் விளாசினாள். மற்றவர்கள் அடிப்பதற்கு முன்னால் தானே அடித்துவிடுவது என்று முடிவு செய்திருப்பாள் போலும். டீச்சர் சுவரோரம் நின்றுகொண்டிருந்தார். வாயைத் திறக்கவில்லை.

மூன்றாம் நாள்தான் வீடு வீடாக வந்தார். “அந்தப் புள்ளைய ஒண்ணும் சொல்லாதீங்க. கடைசியா எடுத்துக்கன்னு சொல்லிக் குடுத்தது நானு. அதுக்கு மிஞ்சல, அதான் திங்கல. அன்னிக்கே சொல்லிருக்கணும். வேலை போயிரும்னு பயந்துட்டேங்க.” என் மனைவி அவரை உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்.

வேலை போகவில்லை. பயமும் போகவில்லை. பால்வாடியில் இப்போது யாரும் யாருக்கும் எதுவும் கொடுக்கக் கூடாது. அவரவர் தட்டு அவரவருக்கு. பிரவீணாவுக்கு அந்த உத்தரவே தேவைப்படவில்லை. ஐந்து மாதமாக இரண்டு கைகளையும் இறுக மூடிக்கொண்டு சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறாள். யாராவது விரிக்கச் சொன்னால் நின்ற இடத்திலேயே ஒன்றுக்குப் போய்விடுகிறாள். அதனால் வாசலில் அவளை மட்டும் டீச்சர் சோதிப்பதில்லை. “மறுபடி எதையாச்சும் கொண்டாந்தா என்ன பண்ணுவீங்க?” என்று நான் ஒருமுறை கேட்டேன். “அதாங்க ராத்திரியெல்லாம் தூக்கம் வரல. கொண்டாந்தாலும் பயம், இனிமே கொண்டாராமயே போயிட்டாலும் பயம்” என்றார்.

இன்று காலை, அறிவரசன் மறந்துவிட்டுப் போன சிலேட்டைக் கொடுக்க உள்ளே போயிருந்தேன். பிரவீணா சுவரோரத்திலிருந்து எழுந்து வந்து, மூடிய கையை டீச்சரிடம் நீட்டினாள்.

“டீச்சர், ஒங்களுக்கு.”

டீச்சரின் முகம் வெளுத்துப்போனது. நானும் பதறிப்போய், “என்னன்னு பாருங்க டீச்சர், விரிச்சுப் பாருங்க!” என்று கத்திவிட்டேன். பிரவீணா என்னைத் திரும்பிப் பார்த்தாள். விரல்கள் இன்னும் இறுகின.

“நீங்க செத்த சும்மா இருங்க” என்றார் டீச்சர். பிறகு பிரவீணாவின் முன்னால் மண்டியிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, வாயைத் திறந்தார். அவள் கையிலிருந்து ஒன்றை உள்ளே போட்டாள். என்ன போட்டாள் என்று எனக்குத் தெரியவில்லை. அவர் மென்றார், விழுங்கினார்.

பிரவீணா மிச்சத்தைக் கையில் மூடிக்கொண்டு மற்றவர்கள் பக்கம் திரும்பினாள். பிள்ளைகள் எல்லாரும் கையை நீட்டிக்கொண்டு எழுந்துவிட்டார்கள். முன்வரிசையில் அறிவரசன்.

“இருங்க கண்ணுங்களா. டீச்சருக்கு மொதல்ல. அரை மணி நேரங்கழிச்சு எல்லாருக்கும்.”

பிரவீணாவை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டார். ஒரு கை அவளுடைய மூடிய கையின் மேல் இருந்தது. இன்னொரு கையைத் தன் வயிற்றின் மேல் வைத்துக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்தார்.