பூத்த பயிருக்கு ஒரு மூட்டை யூரியா

எங்கள் அண்ணன் இறைவனிடம் சென்று ஓராண்டு நிறைகிறது. திருப்பலியில் பங்குபெற்று இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உறவுகளுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய நான் வணக்கம் சொல்கிறேன். அண்ணனைப் புகழ்ந்து எழுதச் சொன்னார்கள். புகழ்ந்தால் அவருக்கு ஆகாது, "போதும், இறக்கு" என்பார். அதனால் நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில், குடமுருட்டி பாயும் ஊரில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். பள்ளிக்கூடம் போகும் வழியில் மடை திறந்துவிட்டுப் போகிற பிள்ளை. எங்கள் பக்கம் இரண்டாம் போகமான தாளடி நெல்லை அறுப்பதற்குச் சில நாள் முன்பே, நிற்கிற நெல்லுக்குள் ஈரத்தோடு ஈரமாக உளுந்தைத் தெளித்துவிடுவோம். நெல் வீட்டுக்கு வரும்போது வயலில் உளுந்து முளைத்திருக்கும். தை மாதம் அப்பா முன்னால் தெளித்துப் போக, அண்ணன் விதைப் பெட்டியைச் சுமந்துகொண்டு பின்னால் போவார். அப்பாவுக்கு அப்போது வலது கை அண்ணன்தான்.

திருச்சியில் வெல்டிங் படித்தார். கொரியாவில் கப்பல் கட்டும் யார்டில் வேலை கிடைத்தது. கிளம்ப வேண்டிய நாள் சரியாக நடவு நேரத்தில் வந்து விழுந்தது. "நடவுல வரப்ப விட்டுப் போறவன்கிட்ட எனக்கென்ன பேச்சு" என்றார் அப்பா. சொன்னால் சொன்னதுதான், அப்படியொரு பிடிவாதம். அண்ணன் போன் செய்தால் மாட்டைப் பார்க்கப் போய்விடுவார். மாட்டை விற்ற பிறகும் போனார். என் கல்யாணத்துக்கு அண்ணன் லீவில் வந்தபோது, பக்கத்தில் நிற்கிறவரைப் பார்க்காமல் அம்மாவிடம், "அவன சாப்பிடச் சொல்லு" என்றார். அண்ணனும் அம்மாவிடம், "அவரு சாப்பிட்டாரான்னு கேளும்மா" என்றார். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

பிறகு ஒரு குளிர்காலம் வந்தது. யார்டில் வேலை மந்தம், பாதி நாள் அறையிலேயே இருக்கச் சொல்லிவிட்டார்கள். வெளியே பனி, குழாயில் தண்ணீர் உறைந்து கிடக்கிறது என்றார். போனில் தமிழ் தட்ட அவருக்குப் பொறுமை கிடையாது. தாளில் எழுதி, படம் எடுத்து என் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினார். பிரசவத்துக்கு வந்திருந்த நான் அதைக் கூடத்தில் சத்தமாகப் படித்தேன். கடல் காற்று, நேபாளத்து நண்பர் வைத்த பருப்பு, எல்லாம் எழுதிவிட்டுக் கடைசியில் இப்படி முடித்திருந்தார்: "பயிர் பூத்திருக்கும். இன்னொரு மூட்டை யூரியா போடச் சொல். நன்றாகத் திரளும்."

அதுவரை சாக்குத் தைக்கிற மாதிரி உட்கார்ந்திருந்த அப்பா ஊசியைப் போட்டுவிட்டார். "எந்த மடையன் சொன்னான்? பூத்தப்புறம் யூரியா போட்டா புகையான் பூச்சி வந்து மொத்தமும் படுத்துரும். எழுதும்மா அவனுக்கு" என்றார். எழுதினேன். உடனே போன் வந்தது.

"பாப்பா, திட்டினாரா?"

"திட்டினாருண்ணே. மடையன்னாரு."

"மடையன்னாரா? நல்லது. அடுத்த தடவ தண்ணிய வடிக்கச் சொல்லி எழுதுறேன்."

அப்போதுதான் அவருடைய திட்டம் எனக்குப் புரிந்தது. கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் தண்ணீரை வடிக்கச் சொன்ன கடிதமும் வந்தது. அப்பா வாசலுக்கும் கூடத்துக்கும் நடந்து திட்டினார். மூன்றாவது கடிதத்தில் அண்ணன் துணிந்தே விட்டார்: "நெல்லை அறுத்து, நிலத்தை நன்றாகக் காயவிட்டு, அப்புறம் உளுந்து தெளிக்கலாமே."

"அந்தப் போனப் போடு" என்றார் அப்பா.

போட்டுக் கொடுத்தேன். "டேய், பனியில மூள உறைஞ்சு போச்சா? காஞ்ச தரையில எங்கேர்ந்துடா முளைக்கும்?"

"அப்ப எப்பத்தாம்ப்பா தெளிக்கறது?" என்றார் அண்ணன், ஒன்றும் தெரியாதவர் போல. அப்பா விதையிலிருந்து ஆரம்பித்தார். அம்மா பாலைப் பொங்கவிட்டுவிட்டு நின்றார். பேசி முடிக்கும்போது அப்பா, "சாப்பிட்டியா?" என்று கேட்டார்.

அடுத்த ஆண்டே அண்ணன் ஊருக்குத் திரும்பி, கடைத்தெருவில் வெல்டிங் பட்டறை போட்டார். காலையில் வயல், பிறகு பட்டறை. சைக்கிள் உடைந்து வரும் பள்ளிப் பிள்ளைகளிடம் கூலி வாங்கியதில்லை. அப்பாவும் அவரும் ஒரே வண்டியில் போவதைப் பார்க்கவே எங்களுக்கு நிறைவாக இருக்கும். அந்த நிறைவு நீடிக்கவில்லை. கணையத்தில் புற்றுநோய் என்றார்கள். தஞ்சாவூரில் வைத்தியம் பார்த்து, இனி வீட்டிலேயே இருக்கட்டும் என்று அனுப்பிவிட்டார்கள்.

போன தையில் ஒரு நாள் அப்பா உளுந்து தெளித்துவிட்டுச் சேற்றுக்காலோடு கட்டிலருகே வந்து உட்கார்ந்தார். அண்ணனுக்குக் குரலே இல்லை. ஆனாலும், "அறுத்துட்டுத் தெளிச்சிருக்கலாமேப்பா" என்றார். "வாய மூட்றா மடையா" என்று சொல்லி அப்பா அவர் காலைப் பிடித்துவிட்டார். உளுந்து முளைத்த வாரத்தில் அண்ணன் கண்மூடினார்.

மருந்தும் ஆறுதலும் தந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், வீடு தேடி வந்து நற்கருணை கொடுத்த பங்குத்தந்தைக்கும், நாங்கள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சிய பக்கத்து வயல்காரர்களுக்கும், கொரியாவிலிருந்து இன்றும் அம்மாவுக்குப் போன் செய்யும் அண்ணனின் நண்பர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். யூரியா வந்த இடத்தில் நிறுத்தச் சொன்னார்.

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்மா. பெட்டி தூக்கிட்டு என் பின்னாலயே வந்த பய. அவனுக்கா தெரியாது?"

"அப்புறம் ஏன்ப்பா அப்படித் திட்டினீங்க?"

"திட்டினாத்தான அடுத்தது எழுதுவான்."

அண்ணனிடம் இதை எப்போதாவது சொன்னீர்களா என்று கேட்டேன்.

"சொல்லல" என்றார். என் கையிலிருந்த தாளைக் காட்டி, "அதையும் எழுதிரு" என்றார்.