முதல் மாடிப் பட்டு செக்‌ஷன்

என் பெரியம்மா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு பாத்திரம் தேய்ப்பாள். கை அகல ஜரிகை போட்ட மாம்பழக் கலர் புடவையை முழங்கால் வரை தூக்கிச் செருகிக்கொண்டு, குக்கரின் அடியைத் தேங்காய் நாரால் போட்டுத் தேய்ப்பாள். பால் பாக்கெட் வாங்கப் போனால் மயில் கழுத்துக் கலர். குப்பை கொட்டப் போனால் கத்தரிப்பூக் கலர். அம்மா மண்டபம் சாலையில் அவர்கள் குடியிருந்த அபார்ட்மென்டில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் கிடையாது. எனக்கு அப்போது பத்து வயது. ஊரோடு சேர்ந்து நானும் சிரித்தேன். போதாக்குறைக்கு, பெரியம்மாவுக்கு மினுக்கு ஜாஸ்தி என்று அம்மாவுக்கு போன் போட்டுக் கோள் வேறு சொன்னேன். அதற்கு அம்மா, சாப்பிட்டாயா என்று கேட்டாள்.

எங்கள் வீடு மன்னார்புரத்தில் இருந்தது. அப்பா, அம்மா இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்கள். பரீட்சை லீவில் என்னை வைத்துச் சமாளிக்க முடியாமல் அந்த மே மாதம் ஸ்ரீரங்கத்தில் கொண்டுவந்து விட்டிருந்தார்கள். பெரியப்பா என் அப்பாவுக்கு மூத்தவர். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு பெரிய ஜவுளிக்கடையில், முதல் மாடியில், பட்டு செக்‌ஷனில் முப்பது வருஷத்துக்கு மேல் புடவை விரித்துப் போட்டவர். வாசலில் ஏறி வருகிற பெண்ணின் நிறத்தையும் நடையையும் பார்த்தே எந்த அடுக்கிலிருந்து எடுப்பது என்று முடிவு செய்துவிடுவாராம். ஓய்வு பெற்ற சில வருஷத்தில் அவருக்கு மறதி நோய் வந்தது. முதலில் கண்ணாடியை எங்கே வைத்தோம் என்பது மறந்தது. அப்புறம் வீடு இருக்கும் தெரு. நான் போயிருந்த சமயத்தில் பெரியம்மா யார் என்பதும் அவருக்கு மறந்துபோயிருந்தது.

கடை மட்டும் மறக்கவில்லை. காலையில் பத்து மணி நெருங்கினால் வெள்ளைச் சட்டையை மாட்டிக்கொண்டு, கடைப் பக்கம் போகிற சத்திரம் பஸ் பிடிக்கக் கிளம்பிவிடுவார். அப்படி ஒருநாள் கிளம்பிப் போனவர், காவிரிப் பாலத்தின் நடுவில் உச்சி வெயிலில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நின்றிருக்கிறார். யாரோ ஓர் ஆட்டோக்காரர் அடையாளம் தெரிந்து கூட்டிவந்து விட்டார். பெங்களூரில் இருந்த அவர்கள் மகன், என் அண்ணன், போனில் கறாராகச் சொல்லிவிட்டான். "இன்னொரு தடவை அப்பா வெளிய போனாருன்னு தெரிஞ்சுது, நானே வந்து கூட்டிட்டுப் போயி இங்க ஹோம்ல சேத்துருவேன். இல்லன்னா கதவைப் பூட்டி வைங்கம்மா."

பூட்டிப் பார்த்தாள் பெரியம்மா. பூட்டின கதவைத் தட்டித் தட்டி அவர் குழந்தை மாதிரி அழுதிருக்கிறார். அன்றைக்கே பூட்டைத் தூக்கிப் பரண்மேல் போட்டுவிட்டாள். அவர் கடைக்குப் போக முடியாது, அவ்வளவுதானே, கடை இங்கே வரட்டும் என்று தீர்மானித்தாள். டாக்டர் சொல்லியோ புத்தகம் படித்தோ செய்ததில்லை. அவளாக யோசித்தது.

கூடத்தில் இருந்த சோபாவை எல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டு, சுவரோரம் இரண்டு மெத்தைகளைச் சேர்த்துப் போட்டு, மேலே வெள்ளை விரிப்பு விரித்தாள். பட்டுக் கடையில் அப்படித்தான் இருக்கும். விற்பவரும் வாங்குபவரும் எதிரெதிரே மெத்தையில் உட்கார்ந்துகொள்வார்கள். பீரோவில் இருந்த தன் புடவைகள் அத்தனையையும் அலமாரியில் அடுக்கினாள். பத்து மணிக்கு பெரியப்பா ஊதுபத்தி ஏற்றி அலமாரிக்குக் காட்டிவிட்டு உட்காருவார். வீடும் முதல் மாடியில்தான் இருந்தது. பெரியம்மா பின் கதவு வழியாக இறங்கிப் போய், முன்பக்கப் படியில் ஏறி, கையில் ஒரு பையோடு வாசலில் செருப்பைக் கழற்றுவாள்.

"வாங்கம்மா, வாங்க. உக்காருங்க. என்ன விசேஷம்?"

விசேஷத்துக்குப் பஞ்சமே இல்லை. இன்றைக்கு நாத்தனார் மகளுக்கு நிச்சயதார்த்தம் என்றால் நாளைக்குத் தம்பி வீட்டுக் கிரகப்பிரவேசம். இல்லாத நாத்தனாருக்கு மூன்று மகள்களைப் பெற்றுக் கொடுத்து, மூவருக்கும் அந்த ஒரே மாதத்தில் கல்யாணம் செய்து வைத்தாள் பெரியம்மா. பெரியப்பா ஒவ்வொரு புடவையாக உதறி விரிப்பார். முந்தியைத் தன் தோளில் போட்டுக் காட்டுவார். "கல்யாணத்துல நாலு பேர் நடுவுல நின்னாலும் உங்களைத்தான் பாப்பாங்க" என்பார். அந்தக் கைகளுக்கு மறதியே கிடையாது. சட்டைப் பொத்தானைப் போடத் தடுமாறும் அதே விரல்கள், ஆறு கஜத்தைக் கண் இமைக்கும் நேரத்தில் மடித்துவிடும்.

கடையில் நல்ல வாடிக்கைக்காரர்களுக்குக் காபி வரவழைப்பது வழக்கம். அவரும் குரல் கொடுப்பார்: "யாருப்பா அங்க, அம்மாவுக்குக் காபி சொல்லு." பெரியம்மாவே எழுந்து உள்ளே போய்க் காபி போட்டு எடுத்துக்கொண்டு, மறுபடி வாடிக்கைக்காரியாக வந்து உட்காருவாள். "நீங்களும் குடிச்சாத்தான் நானும் குடிப்பேன்" என்பாள். வாடிக்கை மனம் கோணக் கூடாது என்று அவரும் குடிப்பார். மாத்திரை அப்படித்தான் உள்ளே போயிற்று. குளிக்க முரண்டு பிடிக்கும் நாளில், "இன்னைக்கு முதலாளி மாடிக்கு வராராம்" என்று காற்றில் சொல்லிவிட்டுப் போவாள். அஞ்சு நிமிஷத்தில் ஆள் சுத்தமாகத் தலை சீவி நிற்பார். இவ்வளவும் நடித்தவளுக்கு ஒன்று மட்டும் நாக்கில் வரவில்லை. கடைக்காரர்களை எல்லோரும் அண்ணே என்றுதானே கூப்பிடுவார்கள்? அவள் மட்டும் 'ஏங்க' என்றுதான் கூப்பிட்டாள்.

அவள் எடுத்த புடவையை மறுநாள் கட்டி வந்தாக வேண்டும். "இது நம்ம கடைப் புடவைதானே?" என்று கேட்டு அவர் முகம் மலர்ந்து போகும். பட்டுப் புடவையில் பாத்திரம் தேய்த்த மினுக்குக்கு இதுதான் காரணம் என்று நான் தெரிந்துகொள்ளவே ஒரு வாரம் ஆயிற்று.

தெரிந்தும் எனக்கு ஒரு கோபம் இருந்தது. நான் பெரியம்மாவோடு போய் மெத்தையில் உட்கார்ந்தால், பெரியப்பா தினமும், "பாப்பாவுக்குப் பாவாடை சட்டையெல்லாம் கீழ இருக்கு. கீழ போய்ப் பாருடா கண்ணு" என்று அனுப்பிவிடுவார். நான் இறங்கிப் போய் ஸ்கூட்டர்களுக்கு நடுவில் நின்றுவிட்டு வருவேன். சொந்தப் பெரியப்பா வீட்டிலேயே செக்‌ஷன் மாறி வந்தவள் ஆகிவிட்டேனே என்று ஆத்திரமாக வரும்.

இன்னொரு கோபம், ஓர் அரக்குப் புடவையைப் பற்றியது. அதை மட்டும் அடுக்கின் அடியில், வெள்ளைத் துணியில் சுற்றித் தனியாக வைத்திருப்பார். வியாபாரம் முடியும்போது தினமும் பெரியம்மா கேட்பாள்: "ஏங்க, அந்த அடியில இருக்குற அரக்கு குடுப்பீங்களா?" தினமும் அவர் தலையாட்டி மறுப்பார்.

"அது விக்கிறதுக்கு இல்லம்மா. என் வீட்டுல ஒருத்தி இருக்கா, அவளுக்குன்னு எடுத்து வச்சது."

"முதல் போணிக்கு வந்தவளை இல்லன்னு சொல்லலாமா?"

முதல் போணி என்றால் அன்றைய நாளின் முதல் வியாபாரம். அதை எந்தக் கடைக்காரரும் தட்டமாட்டார். பெரியப்பா தட்டினார். "போணியே ஆகாட்டியும் பரவால்லம்மா. மாநிறமா இருப்பா. சிரிச்சா இந்தப் பக்கம் மட்டும் ஒரு குழி விழும். அரக்கு கட்டினான்னா அப்படி எடுப்பா இருக்கும். வேற யாருக்கும் குடுக்க மனசு வராது."

பெரியம்மா தலையைக் குனிந்துகொண்டு பையை எடுத்துக்கொள்வாள். பாவம், அவள் புடவை, அவளுக்கே இல்லை என்கிறாரே என்று எனக்கு வயிறு எரியும். பள்ளிக்கூடத்தில் உண்மையே பேச வேண்டும் என்று பேச்சுப் போட்டியில் பேசிப் பரிசு வாங்கினவள் நான். ஒரு வியாழக்கிழமை அந்தப் பேச்சை வீட்டிலும் நடைமுறைப்படுத்திவிட்டேன்.

அவர் இல்லை என்று சொன்னதுதான் தாமதம், அடுக்கின் அடியில் கையை விட்டு அரக்குப் புடவையை இழுத்து, உதறிப் பெரியம்மாவின் மடியில் போட்டேன். "பெரியப்பா, இது கடை இல்ல, வீடு. இவங்கதான் அந்த ஒருத்தி. உங்க பொண்டாட்டி. குடுங்க அவங்களுக்கு!"

பெரியப்பா பெரியம்மாவைப் பார்த்தார். நரைத்த தலையையும் சுருங்கின கழுத்தையும் பார்த்தார். பிறகு கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். அவர் முகத்தில் வந்த பயத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. "இவங்க யாரு? அவ எங்க? அவ தனியா இருப்பாளே" என்று முனகிக்கொண்டே எழுந்தார். பூட்டாத கதவைத் திறந்து, விறுவிறுவென்று படியிறங்கிவிட்டார்.

எனக்கு பெங்களூர் அண்ணன் சொன்னதுதான் ஞாபகம் வந்தது. போச்சு, பெரியப்பாவை ஹோமில் கொண்டுபோய்ப் போடப்போகிறார்கள், எல்லாம் என்னால் என்று ஓவென்று அழுதேன். பெரியம்மா என்னைத் திட்டவில்லை, திட்ட அவளுக்கு நேரமும் இல்லை. மடியில் கிடந்த புடவையோடு எழுந்து செருப்புகூடப் போடாமல் அவர் பின்னால் ஓடினாள். நானும் ஓடினேன்.

அம்மா மண்டபம் சாலையில் காவிரிக்குக் குளிக்கப் போகிறவர்களும் குளித்து வருகிறவர்களுமாக ஒரே நெரிசல். பெரியப்பா பஸ் வரும் திசையில் நடந்துகொண்டிருந்தார். பெரியம்மா எட்டிப் பிடித்தாள், ஆனால் கையைத் தொடவில்லை. நான்தான் உங்கள் மனைவி என்றும் சொல்லவில்லை. மூச்சு வாங்க அவர் பக்கத்தில் கொஞ்ச தூரம் நடந்தாள். பிறகு, "ஏங்க" என்றாள். "வீட்டுக்குத்தானே போறீங்க? போங்க. போறதுக்கு முன்னாடி இதை மட்டும் மடிச்சுக் குடுத்துட்டுப் போறீங்களா? பிரிச்சுட்டேன். எனக்குப் பழைய மடிப்பு வரல."

பெரியப்பா திரும்பிப் பார்த்தார். அரக்குப் பட்டு அவள் கையிலிருந்து நழுவி, முந்தி தரையைத் தொட இருந்தது. பட்டு தரையில் படுவதை அவரால் பார்த்துக்கொண்டிருக்க முடியுமா? பாய்ந்து வந்து முந்தியைப் பிடித்துவிட்டார். "என்னம்மா நீங்க, ஜரிகை போயிடாது? அந்தப் பக்கத்தைப் பிடிங்க. இழுத்துப் பிடிங்க" என்று அதட்டினார்.

நடுச்சாலையில் ஆளுக்கு ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். இரண்டு பேருக்கும் நடுவில் அந்த அரக்குப் புடவை சாலையின் குறுக்கே நீண்டிருந்தது. வந்த ஆட்டோ நின்றது. அதன் பின்னால் ஒரு பால் வண்டி நின்றது. ஈரத் துணியோடு வந்த ஒரு குடும்பமும் நின்றது. ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. பெரியப்பா சுருக்கம் போக ஓர் உதறு உதறினார். நேராகப் பெரியம்மாவைப் பார்த்து நடந்து வந்து, தன் முனையை அவள் முனையோடு சேர்த்தார். மறுபடி பின்னால் போய், மறுபடி வந்தார். ஒவ்வொரு தடவை வரும்போதும் இரண்டு பேர் கைகளும் தொட்டுக்கொண்டன. கடைசி மடிப்பில் புடவை ஒரு புத்தகம் அளவுக்கு ஆகி அவர் கையில் வந்து உட்கார்ந்தபோது, அவர் முகத்தில் இருந்த பயம் போயிருந்தது.

"தெருவுல வச்சு வியாபாரம் பண்றதாம்மா இது? வாங்க, மாடிக்குப் போலாம்" என்றார். பெரியம்மா பவ்யமாகப் பின்னால் நடந்தாள். அவள் பாதம் இரண்டும் வெயிலில் பழுத்திருந்தன. அவ்வளவு பெரிய வித்தையை எந்தக் கச்சேரியிலும் நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை.

மாடிக்கு வந்ததும் பெரியப்பா அரக்குப் புடவையை வெள்ளைத் துணியில் சுற்றி, பழையபடி அடுக்கின் அடியில் வைத்தார். பெரியம்மா மெத்தையில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். சற்றுப் பொறுத்து, ஒன்றுமே நடக்காதது போலக் கேட்டாள்.

"ஏங்க, அந்த அரக்கு குடுப்பீங்களா?"

"அது விக்கிறதுக்கு இல்லம்மா" என்று பெரியப்பா ஆரம்பித்தார். "என் வீட்டுல ஒருத்தி இருக்கா…"

மாநிறமும் கன்னக் குழியும் மறுபடி வந்தன. பெரியம்மா வழக்கம்போலத் தலையைக் குனிந்துகொண்டாள். அன்றைக்கு நான் பாவாடை செக்‌ஷனுக்கு விரட்டப்படாமல் சுவரோரம் தரையில் உட்கார்ந்திருந்ததால், குனிந்த முகம் எனக்குத் தெரிந்தது. அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். ஒரு பக்கம் மட்டும் குழி விழுந்தது.

பெங்களூர் அண்ணனுக்கு இந்த விஷயம் போகவில்லை. அபார்ட்மென்டில் பார்த்தவர்கள் இருந்தும் யாரும் சொல்லவில்லை. அன்றிலிருந்து அவர்கள் பெரியம்மாவின் பட்டைப் பார்த்துச் சிரிப்பதையும் விட்டுவிட்டார்கள். பெரியப்பா அதற்கப்புறம் மூன்று வருஷம், அந்த வீட்டில், பூட்டாத கதவுக்குள்ளேதான் இருந்தார். பேசுவது நின்றுபோகும்வரை கடை நடந்தது.

சாலையில் புடவை மடித்த அந்த வியாழக்கிழமை மத்தியானம், பெரியம்மாவின் காலுக்குத் தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டே கேட்டேன். "அவருதான் தர மாட்டாருன்னு தெரியுதுல்ல பெரியம்மா? அப்புறம் எதுக்கு தெனமும் அதையே கேக்குறீங்க?"

"கேட்டாத்தானேடி சொல்லுவாரு" என்றாள்.

தினமும் சொல்வது ஒரே பதில். அதைக் கேட்பதற்கு ஒருத்தி எதற்காகப் பட்டு கட்டிக்கொண்டு பின்பக்கம் இறங்கி முன்பக்கம் ஏறி வர வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை. பேரம் பேசத் தெரியாத பெரியம்மா என்று நினைத்துக்கொண்டு, அடுத்த காலுக்கு எண்ணெய் தடவினேன்.