பதின்மூன்றாம் நாள் முடிச்சு

குர்பான் அலிக்கு மனிதர்களைவிடப் புல்லோடுதான் பழக்கம் அதிகம். ஈரானில் காஷானுக்கு மேற்கே, மலையடிவாரத்துத் தர்காவைச் சுற்றியிருக்கும் பூங்காவில் முப்பத்தோரு வருஷம் தோட்டக்காரர். உள்ளே போய்ச் சமாதியைச் சுற்றியுள்ள கம்பி வலையைப் பிடித்துக்கொண்டு அழுகிறவர்கள், வெளியே வந்ததும் அவருடைய புல்லில் கம்பளம் விரித்து, தேநீர் கொதிக்கவைத்து, பிள்ளைகளுக்கு மரத்தில் ஊஞ்சல் கட்டிச் சிரிக்க ஆரம்பித்துவிடுவார்கள். அழுகைக்கு, உள்ளே அடங்கியிருக்கும் பெரியவர் பொறுப்பு; சிரிப்புக்கு நான் பொறுப்பு என்பார். கொஞ்சம் தற்பெருமை உண்டு அவருக்கு.

வருஷப் பிறப்பு கழிந்த பதின்மூன்றாம் நாள்தான் பெரிய பாடு. அன்று வீட்டுக்குள் இருந்தால் பீடை என்று ஊரே பூங்காவுக்கு வந்துவிடும். லெட்டூஸ் இலையைப் புதினா மணக்கும் காடிப் பாகில் தோய்த்துத் தின்றபடி ஊர்க்கதை பேசுவார்கள். கல்யாணமாகாத பெண்கள் நைசாக ஒதுங்கிப் போய், இரண்டு புல்லைச் சேர்த்து முடிந்து, மாப்பிள்ளை வேண்டும் என்று மனசுக்குள் கேட்டுக்கொள்வார்கள். அந்த முடிச்சை வேறொரு கை அவிழ்த்தால் வேண்டுதல் வீண் என்பது அங்கே நம்பிக்கை. அதனால் பதினான்காம் நாள் குர்பான் அலி குப்பையை மட்டும் பொறுக்குவார்; புல் வெட்டும் மெஷினைப் பத்து நாள் தொடமாட்டார். மேலாளர் கேட்டால் ரிப்பேர் என்று சொல்லிவிடுவார். ஊரில் பாதிப் பெண்களுக்கு அவர் தயவில்தான் கல்யாணமானது என்று கேலி பேசுவார்கள்.

அப்படிப்பட்ட மனுஷர் தன் மகள் தூபாவின் முடிச்சை மட்டும் அவிழ்த்தார்.

மனைவி இறந்த வருஷம் அது ஆரம்பித்தது. மகன் இஸ்ஃபஹானில், அவனுக்கு அவன் குடும்பம். வீட்டில் தூபாவும் அவரும்தான். இவளும் போய்விட்டால் யாரோடு ஒரு வாய் பேசுவது என்ற பயம் அவர் நெஞ்சைப் பிடித்தது. பதினான்காம் நாள் விடியலில் வாய்க்காலோர முசுக்கட்டை மரத்தடிக்குப் போனார். தூபா எப்போதும் அங்கேதான் கட்டுவாள். அம்மா சொல்லிக்கொடுத்த இரட்டை முடிச்சு. குளிரில் விரல் மரத்துப்போக, நகத்தால் கிளறிக் கிளறி அவிழ்க்க வெகுநேரம் ஆனது. இந்த ஒரு வருஷம் மட்டும் என்று சொல்லிக்கொண்டார்.

அடுத்த வருஷமும் அதையே சொல்லிக்கொண்டார். மூன்றாம் வருஷம் முடிச்சு ஒரே இழுப்பில் வந்துவிட்டது; அதற்குப் பிறகும் அப்படித்தான். ஆண்டவனுக்கே இதில் சம்மதம் போலிருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். சால்ஜாப்புக்கா பஞ்சம்?

தர்கா வாசலில் செருப்பு வாங்கி வைக்கிறவன் ஹபீப். மற்றவர்களுக்குக் கைக்குக் கிடைத்த எண் வில்லையைக் கொடுப்பான். தூபாவுக்கு மட்டும் எப்போதும் நாற்பதாம் எண்ணை எடுத்து வைத்திருப்பான். நான்காம் வருஷம் அவனுக்காக அவனுடைய அக்கா வந்து தூபாவைப் பெண் கேட்டாள். தூபா உள்ளே நல்ல கோப்பைகளை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தாள். குர்பான் அலி முடியாது என்று சொல்லவில்லை. இருமினார். மூட்டு வலியைச் சொன்னார், மூச்சு முட்டுவதைச் சொன்னார், மறுபடியும் இருமினார். வந்தவளுக்குப் புரிந்துவிட்டது. அவள் போன பிறகு தூபா கோப்பைகளைக் கழுவி அலமாரியில் திரும்ப அடுக்கினாள். ஹபீப் இரண்டு வருஷம் பார்த்துவிட்டு வெளியூரில் பெண் எடுத்தான்.

இந்த வருஷம் எட்டாவது. ஹபீப் மனைவியும் கைக்குழந்தையுமாக வந்து முசுக்கட்டை மரத்துக்குப் பத்தடி தள்ளி விரிப்பு விரித்தான். தூபா தானே போய் ஒரு தட்டு லெட்டூஸும் பாகும் கொடுத்தாள். குழந்தையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பக்கத்து வீட்டு பதூலுக்கு வாய் சும்மா இருக்குமா?

"ஏண்டி தூபா, முப்பத்தெட்டு வயசாச்சு, இன்னும் புல்லைத்தான் கட்டிக்கிட்டு இருக்கப்போறியா?"

சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள். தூபாவும் சிரித்தாள். ஆனால் குழந்தையைத் திருப்பிக் கொடுக்கும்போது அவள் கை சட்டென்று விடவில்லை. அதை குர்பான் அலி பார்த்துவிட்டார். பாவி நான்தானே என்று முதல் தடவையாகத் தோன்றியது. அன்று சாயங்காலம், வழக்கம்போல, தூபா மரத்தடியில் குனிந்து புல்லை முடிந்தாள்.

மறுநாள் விடியலில் அவர் அங்கே போனார். அவிழ்க்க இல்லை, காவலுக்கு. எவனாவது மிதித்துவிடக் கூடாது. தாரமிழந்தவனாக இருந்தாலும் சரி, ஒருத்தன் வரட்டும். நான் தனியாகக் கிடந்து செத்தால் சாகிறேன் என்று மனசைக் கல்லாக்கிக்கொண்டு ஈரத் தரையில் உட்கார்ந்தார்.

குப்பை பொறுக்க அப்பாவுக்கு உதவியாக தூபா சாக்கோடு வந்தாள். புல்லைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள்.

"என்னப்பா, இன்னிக்கு அவுக்கலையா?"

இரண்டாம் வருஷமே பார்த்துவிட்டதாக அவள் சொன்னாள். ரொட்டி வாங்கப் போகும்போது, சுவருக்கு அந்தப் பக்கமிருந்து. ஊர்ச் செய்தி சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"அப்புறம் ஏம்மா வருஷா வருஷம் கட்டினே?"

"கட்டலேன்னா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிடுமே. அதுக்கப்புறம் எப்படி எதிரும் புதிருமா உக்காந்து சாப்பிடறது?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "இந்தத் தடவை நான் தொடலைம்மா. இது நிக்கட்டும். வேண்டிக்கிட்டுத்தானே கட்டினே?"

"இல்லப்பா. ஆறு வருஷமா ஒண்ணும் வேண்டிக்கறதில்ல." குனிந்து புல்லை ஒரு விரலால் இழுத்தாள்; முடிச்சு விட்டுக்கொண்டது. "மூணாம் வருஷத்திலேர்ந்து ஒத்தை முடிச்சுதான் போடறேன். அன்னிக்கு நீங்க வீட்டுக்கு வந்தப்ப உங்க நகக்கண்ணெல்லாம் ரத்தம்."

சாக்கை எடுத்துக்கொண்டு, நேற்று ஹபீப் குடும்பம் உட்கார்ந்திருந்த இடத்தைச் சுத்தம் செய்யப் போனாள். குர்பான் அலி அந்த இரண்டு புல்லையும் மறுபடி சேர்த்து முடியப் பார்த்தார். விரல் வளையவில்லை.