எண்பத்தாறாவது வீட்டின் தலைக்கணக்கு

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். காவல் நிலையத்தில் நான் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த வாக்குமூலத்தில் என்ன இருக்கிறதோ, அதைத்தான் இங்கேயும் எழுதுகிறேன்.

நான் பள்ளி ஆசிரியை. அந்த வருடம் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு எனக்கு ஒதுக்கியது, நகரத்தை ஒட்டிய ஒரு குட்டிக் கிராமம். கிராமம் என்று பெயர்தான். மொத்தமே எண்பத்தாறு வீடுகள். எல்லாரும் வசதியானவர்கள். சீராக வெட்டிய புல்வெளி, வாசலுக்கு இரண்டு கார், பின்னால் ஏரி. தெருவில் ஒரு காகிதத் துண்டு கிடக்காது. நடந்து போகிற ஆளையும் பார்க்க முடியாது. பக்கத்து வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டால், "அதெல்லாம் நாங்க கேட்டுக்கறதில்லைங்க" என்பார்கள். அதில் ஒரு பெருமை வேறு.

கடைசி வீடு ஏரியோரம். மாலை 4:10. நான் அழைப்பு மணியைத் தொடும் முன்பே கதவு திறந்தது. ஒரு சின்னப் பெண் குழந்தை. உதட்டில் விரல் வைத்து "உஸ்ஸ்..." என்றது. உள்ளே ஓடிவிட்டது. ஓடிய சத்தமே இல்லை.

வீட்டுக்காரர் வந்தார். பல் டாக்டர். வெளியே வெயில் கொளுத்தியது. அவர் ஸ்வெட்டர் போட்டிருந்தார். உள்ளே போனதும் எனக்கும் குளிரெடுத்தது. ஏசி ஓடவில்லை.

"வீட்ல எத்தனை பேர் சார்?"

"ரெண்டு. நானும் என் பொண்ணும்."

"பாப்பா வயசு?"

"ஆறு."

எழுதிவிட்டு நிமிர்ந்தேன். அவருக்குப் பின்னால் மாடிப்படி. நடுவில் ஒரு பெண் நின்றிருந்தாள். நீல நைட்டி, கலைந்த தலை. என்னைப் பார்த்து மூன்று விரல்களைக் காட்டினாள்.

"உங்க மனைவி, சார்?"

"வெளிநாட்டுல."

படிவத்தைப் பார்த்துவிட்டு மறுபடி நிமிர்ந்தேன். நான்கு படி கீழே நின்றாள். அதே மூன்று விரல்கள்.

என் அக்காவை அவள் புருஷன் இரண்டு வருடம் ஒரே அறையில் பூட்டி வைத்திருந்தான். நாங்களும் கேட்டுக்கொள்ளவில்லை. அதுதான் நினைவுக்கு வந்தது.

"என்ன பாக்கறீங்க?" அவர் திரும்பினார். நேராக அவள் முகத்தைப் பார்த்தார். ஒன்றுமே இல்லாதது போல என் பக்கம் திரும்பினார்.

4:22.

அவள் கடைசிப் படியில்.

நகங்களில் சிமெண்ட்...

டக்... டக்... டக்...

படிக்கட்டுக்கு அடியிலிருந்து.

"குழாய்ச் சத்தம்," என்றார். அது என்ன சத்தம் என்று நான் கேட்கவே இல்லை.

எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. காருக்குள் உட்கார்ந்து கதவைப் பூட்டிக்கொண்டு போலீசுக்குப் போன் செய்தேன். "ஒரு பொம்பளைய அடைச்சு வெச்சிருக்காங்க. தட்டுற சத்தம் கேட்டுச்சு. சீக்கிரம் வாங்க."

4:50க்கு வந்தார்கள். நான் காரை விட்டு இறங்கவில்லை.

7:15. இன்ஸ்பெக்டர் அம்மா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

"படிக்கு அடியில தனியா ஒரு சுவர் எழுப்பிப் பூசியிருந்துச்சு. இடிச்சோம் டீச்சர். உள்ள அவன் சம்சாரம் இருந்தாங்க. செத்து நாலு வருஷம் ஆகுது. அவனே ஒத்துக்கிட்டான்."

நாலு வருஷமா... அப்போது நான் பார்த்தது?

"குழந்தை தனியா இருக்குமே மேடம்," என்றேன். "நான் கூட்டிட்டு வரட்டுமா?"

"எந்தக் குழந்தை?"

"எனக்குக் கதவைத் தொறந்து விட்டுச்சே..."

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்.

"சுவருக்குள்ள அந்தம்மா மடியிலதான், டீச்சர், குழந்தையும் இருந்துச்சு."

வீட்டில் ரெண்டு பேர் என்று சொன்னது அந்தப் பல் டாக்டர்தான். ஏன் அப்படிச் சொன்னாய் என்று விசாரணையில் கேட்டிருக்கிறார்கள். அழுதாராம்.

"பொண்ணு எங்கயும் போகலையே சார். தினமும் சாப்பிடும்போது எதிர்ல வந்து உக்காந்துக்கறா. எம் பொண்டாட்டியைத்தான் அதுக்கப்புறம் ஒரு நாள்கூட நான் பாத்ததில்ல."