குன்வோர் போகும் வழி

பள்ளிப் பேருந்தை நிறுத்தத்தில் போட்டுவிட்டு, பிள்ளைகள் ஏறி முடிப்பதற்குள் குன்வோர் இறங்கி ஓரத்துப் பனியை ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பார்க்கிறாள். பொடியாக உதிர்ந்தால் பனிச்சறுக்குக் கட்டையின் அடியில் தேய்க்க நீல மெழுகு. உருண்டையாகப் பிடித்தால் ஊதா. மலைக்குப் போகும் ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாள் கிடக்கிறது. கை கேட்பதில்லை. அவள் நக இடுக்கில் எப்போதும் நீலம் இருக்கும், பேருந்தின் ஸ்டியரிங்கிலும் கொஞ்சம்.

மெழுகே தேவைப்படாத புதுவகைக் கட்டைகள் வந்துவிட்டன. பள்ளத்தாக்கில் பாதிப் பேர் அதற்கு மாறிவிட்டார்கள். "அதுல போறதுக்கு லிஃப்ட்ல ஏறி நிக்கலாம்" என்பாள் குன்வோர்.

கடையில் தெரிந்தவர் யாராவது எதிரே வந்தால் ரொட்டி அடுக்குக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வாள். மலை மேலே அவளே வேறு ஆள். முன்பின் தெரியாதவருக்கும் வணக்கம் உண்டு, முயலுக்கும் உண்டு. வாரம் முழுக்கப் பிள்ளைகள் போட்ட கூச்சல் காதுக்குள் இரைந்துகொண்டே அவளோடு ஏறும். மரங்கள் முடிந்து வெள்ளை மட்டும் மிஞ்சும் இடத்தில் அடங்கும். பிறகு கட்டைகள் பனியில் உரசும் ஒலிதான். வெயில் படும் சரிவில் காற்று புகாதபடி பனியில் ஒரு குழி தோண்டி, அதற்குள் உட்கார்ந்து ஆரஞ்சு உரிப்பாள். வீட்டில் ஒரு காபியைக் கூட உட்கார்ந்து குடிக்காதவள்.

மலைக்குத் தனியாகப் போகிறவர்கள் போகும் வழியை வீட்டில் சொல்லிவிட்டுப் போவது இங்கே எழுதாத சட்டம். போன வருடம் வசந்தத்துக்கு முன்பு, இடப்பக்கத்து லாங்டால் பள்ளத்தாக்கு வழி என்று கணவன் ஆஸ்பியோர்னிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பாதை பிரியும் இடத்தில் வலப்பக்கத்து ஸ்வார்ட்டால் பள்ளத்தாக்கு ஒரு தடம் கூடப் படாமல் மினுங்கிக்கொண்டிருந்தது. கால் அந்தப் பக்கம் திரும்பிவிட்டது.

அவன் லாங்டால் அடிவாரத்தில் காருக்குள் காத்திருந்தான். முழங்கால் ஆபரேஷனுக்குப் பிறகு அவனால் மலையேற முடியாது. பொழுது சாயத் தொடங்கியதும் மீட்புக் குழுவைக் கூப்பிட்டான். பனி வண்டிகள் லாங்டாலைச் சல்லடை போட்டுத் தேடின. கடைசியில் ஸ்வார்ட்டாலில், குழிக்குள், மடி நிறைய ஆரஞ்சுத் தோலோடு அவளைக் கண்டுபிடித்தார்கள். குழுவில் இருந்த மளிகைக்கடை ஐவின்ட் இன்றுவரை விடுவதில்லை: "என்னக்கா, எந்தப் பக்கத்து ஆரஞ்சு வேணும், இடப்பக்கமா வலப்பக்கமா?"

அன்று ஆஸ்பியோர்ன் திட்டவில்லை. குவளை நிறைந்து காபி மேசையில் வழிந்தது. அவன் ஊற்றிக்கொண்டே இருந்தான். அதற்குப் பிறகு, இனி ஊருக்குள் இருக்கும் விளக்குப் போட்ட வட்டச் சறுக்குத் தடத்தில் மட்டும் போனால் போதும் என்றான். அவளும் தலையாட்டினாள். மேலே போனால் போனும் எடுக்காது. அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது.

இந்தக் குளிர்காலம் முழுக்க அந்த வளையத்தையே சுற்றினாள். வீட்டில் திரைச்சீலைகளை இடம் மாற்றினாள், பிறகு பழையபடியே மாட்டினாள். நடு ராத்திரியில் அலமாரிகளைத் திறந்து மூடினாள். நேற்று இரவு புதுப் பனி விழுந்தது. காலையில் ஆஸ்பியோர்ன் காரைக் கிளப்பியபோது, கட்டைகள் ஏற்கெனவே கூரைமேல் கட்டப்பட்டிருந்தன. ஊர்த் தடத்துக்கான திருப்பம் வந்தது.

"நேராப் போ" என்றாள்.

அவன் போனான். மலைப்பாதை தொடங்கும் இடம் வந்தது. வண்டியை நிறுத்தியதும் இருவரின் மூச்சும் பிளாஸ்க் காபியின் ஆவியும் சேர்ந்து முன்கண்ணாடியை வெளுப்பாக்கின.

"எந்த வழி?"

குன்வோர் கையுறையைக் கழற்றி, முன்கண்ணாடியில் தன் பக்கம் விரலால் ஒரு கோடு இழுத்தாள். பாதி வழியில் விரல் நின்றது. அங்கிருந்து இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று.

"ரெண்டுல எது?"

"அங்க போனாத்தான் தெரியும். போன வருசமும் இதுதான் நெஜம். ஒங்கிட்ட ஒண்ணச் சொல்லிட்டுப் போயிட்டேன்."

அவன் குனிந்து கோடுகளைப் பார்த்தான். அவள் கை கதவுப் பிடியில் இருந்தது. வேண்டாம் என்று அவன் சொன்னால் இறங்குவதில்லை என்று வழியிலேயே முடிவு செய்திருந்தாள். கால் மட்டும் தரையைத் தட்டிக்கொண்டே இருந்தது.

"ரெண்டு வழியும் கீழ பாலத்துலதான வந்து சேருது?" என்றான். "நா பாலத்துல நிக்கிறேன். இந்த ரெண்ட விட்டு மூணாவதா ஒண்ணு கண்டுபிடிச்சேன்னு வச்சுக்க, ஐவின்டுக்கு நீயே பதில் சொல்லு."

அவள் இறங்கிக் கட்டைகளை மாட்டினாள். பனி ஊதாவுக்குத்தான் சரிப்பட்டது. கொஞ்ச தூரம் ஏறியபின் எஞ்சின் சத்தம் கேட்டுத் திரும்பினாள். கார் ஆமைபோல் ஊர்ந்து திரும்பிக்கொண்டிருந்தது. கண்ணாடியில் படிந்த ஆவியைக் கலைக்கும் விசிறியை அவன் போடவில்லை. தன் பக்கம் மட்டும் உள்ளங்கை அகலத்துக்குத் துடைத்துக்கொண்டு, முதுகை வளைத்து அந்த ஓட்டை வழியே சாலையைப் பார்த்தபடி ஓட்டிப் போனான். அவள் கோடு போட்ட பக்கம் வெளுப்பாகவே இருந்தது.