அம்மா காதால் பார்த்த படங்கள்

எங்கள் வீட்டில் பூண்டுக்குழம்பு வைத்தால், முந்தின நாள் டிவியில் பழைய படம் ஓடியிருக்கிறது என்று அர்த்தம். மத்தியானம் படம் ஆரம்பித்ததும் அம்மா முறத்தில் பூண்டைக் கொட்டிக்கொண்டு, கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். டிவிக்கு முதுகு. வசனத்தையும் பாட்டையும் கேட்டுக்கொண்டே உரிப்பாள். படம் நீளமென்றால் குழம்பு மறுநாளைக்கும் வரும்.

காரணம் நான்தான். சின்ன வயதில் விஷக்காய்ச்சல் வந்து மன்னார்குடி ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தேனாம். அப்பா மாதா கோயிலுக்கு ஆடு கொடுப்பதாக நேர்ந்துகொண்டார். அம்மாவோ, பிள்ளை பிழைத்தால் இனி உயிருள்ளவரை சினிமா பார்ப்பதில்லை என்று நேர்ந்துகொண்டாள். நான் பிழைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு சினிமா என்றால் அப்படியொரு பைத்தியம். நடவு முடிந்த கையோடு, காலில் சேறு காய்வதற்குள் மன்னார்குடிக்குப் பஸ் ஏறிவிடுகிறவள். அதிலும் ஒரு குறிப்பிட்ட நடிகையென்றால் சோறு தண்ணீர் வேண்டாம். அந்த நடிகையைப் போலவே நெற்றியில் ஒரு முடியைச் சுருட்டி விட்டுக்கொண்டு இவள் களையெடுக்கப் போனதை, கூட வேலை செய்த பெண்கள் இன்றைக்கும் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

எனக்கு இந்த நேர்ச்சை வெகுகாலம் வேடிக்கையாகத்தான் இருந்தது. “ஏம்மா, கேக்குறது மட்டும் கணக்குல வராதா?” என்று வம்புக்கு இழுப்பேன்.

“காதுக்கு நான் நேர்ந்துக்கலடி” என்பாள். மாதாவிடமே சட்டம் பேசுகிறவளிடம் நான் எம்மாத்திரம்?

போன மாதம், அம்மா அந்தக் காலத்தில் பலமுறை பார்த்த அந்த நடிகையின் படம் ஒன்றைப் புதுப்பித்து, தஞ்சாவூர் தியேட்டரில் மறுபடி திரையிட்டார்கள். செய்தியைப் பார்த்ததும் எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. எனக்காக விட்டதை நானே அவளுக்குத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவளுக்கோ எண்பது நெருங்குகிறது. இதை விட்டால் எப்போது? நேராகப் பங்குத்தந்தையிடம் போய்க் கேட்டேன்.

“நேர்ச்சையை மாத்திக்கலாம்மா. அதுக்குப் பதிலா ஏழைங்களுக்கு ஒருவேளைச் சாப்பாடு போடச் சொல்லுங்க. நானே அனுமதி தர்றேன்” என்றார்.

போனிலேயே டிக்கெட்டும் எடுத்துவிட்டு, வெற்றிக்களிப்போடு வீட்டுக்கு வந்து சொன்னேன். அம்மா அசையவில்லை.

“சாப்பாடு தாராளமாப் போடுவோம். ஆனா குடுத்ததைத் திருப்பி வாங்குறதா? வாங்கிட்டு, நாளைக்கே உனக்கு ஒரு தலைவலின்னா நான் எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அங்க போய் நிப்பேன்?”

“அம்பது வயசுல எல்லாருக்கும்தாம்மா தலைவலி வரும். அப்பா மாதிரி நீங்களும் ஒரு ஆட்டோட விட்டிருக்கலாம்ல?”

“ஆடுதான் கொட்டில்ல நின்னுச்சே. குடுத்தா எனக்கு வலிக்காது. வலிக்கிறதைக் குடுத்தாத்தான் அவங்க திரும்பிப் பார்ப்பாங்கன்னு தோணுச்சு.” சொல்லிவிட்டு, கொஞ்சம் குரலை இறக்கினாள். “நீ போய்ப் பார்த்துட்டு வாயேன். வந்து ஒண்ணு விடாமச் சொல்லு. கதை கேக்குறதுக்குத் தடை இல்லைல்ல?”

எனக்குக் கோபமான கோபம். யாருக்காக வாங்கிய டிக்கெட், யார் போய்ப் பார்ப்பது? வடுவூர் தாண்டும்வரை பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டேதான் போனேன்.

தியேட்டரில் பாதிக்குமேல் நரைத்த தலைகள். படம் தொடங்கி வெகுநேரம் அந்த நடிகை வரவே இல்லை. பிறகு வந்தாள். ஒரு பெரிய வீட்டின் மாடிப்படியில் இறங்கி வருகிறாள். பாதியில் நிற்கிறாள். காதோரம் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டு, கீழே யாரையோ பார்த்துச் சிரிக்கிறாள். அவ்வளவுதான். தியேட்டர் முழுக்க ஒரு பெருமூச்சு எழுந்தது. எனக்குப் பக்கத்தில் இருந்த பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

டிவியில் நூறு தடவை பார்த்த முகம்தான். இவ்வளவு பெரிதாக, இவ்வளவு வெளிச்சமாக நான் பார்த்ததில்லை. வெயிலில் குனிந்து நாற்று நட்டுவிட்டு வந்து இந்த முகத்தின் முன்னால் உட்கார்ந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைத்தேன். இதையா விட்டாள்? ஏதோ ஒரு பொழுதுபோக்கை விட்டாள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்! இடைவேளை வரை அழுதேன். நன்றி என்பது இத்தனை பாரமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

வீடு திரும்பியபோது அம்மா கூடத்தில் காத்திருந்தாள். கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். நான் சொன்னதைவிட அவள் திருத்தியதுதான் அதிகம். கடைசியில், “அந்த மாடிப்படி?” என்றாள்.

சொல்லிப் பார்த்தேன். வார்த்தை போதவில்லை. எழுந்து, எங்கள் மொட்டைமாடிக்குப் போகும் படியில் ஏறினேன். முந்தானையைச் சரிசெய்துகொண்டு, வலிக்கும் மூட்டோடு ஒவ்வொரு படியாக இறங்கினேன். பாதியில் நின்றேன். காதோரத்து நரைமுடியை ஒதுக்கிவிட்டு, கீழே இருந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தேன்.

அம்மாவுக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் சுவர்ப்பக்கம் திரும்பவில்லை. என் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

“இன்னொரு தடவை எறங்குடி” என்றாள்.

நான் மறுபடி மேலே ஏறினேன்.