டால்பின் பேச்சு கேட்கப் போன மாலை

நம்பாவிட்டால் எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. கேலிக் கட்டுரை எழுதிப் பிழைப்பவன் பேய்க் கதை சொன்னால் யார் நம்புவார்கள்? என் மனைவியே நம்பவில்லை. ஆனால் நடந்தது. போன மார்ச்சில், கிள்ளான் துறைமுகத்துக்கு வெளியே, பொழுது சாய்கிற நேரத்தில். பேயைப் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். கேட்டேன்.

ஒரு பல்கலைக்கழகத்தின் கடல் பாதுகாப்பு ஆய்வு. கப்பல் இரைச்சல் நம் கடலில் இருக்கும் டால்பின்களின் பேச்சைக் கெடுக்கிறதா என்று கண்டுபிடிக்கிறார்களாம். தலைவர் பேராசிரியர் டாக்டர் குமரப்பன். அவருடைய பட்டங்களை எல்லாம் அச்சிட்டால் என் பத்தியில் இடம் மிஞ்சாது. மேடையில் ‘நிலைத்தன்மை’ என்ற சொல்லைச் சொல்லிவிட்டு, கைதட்டல் வருகிறதா என்று ஓரக்கண்ணால் பார்ப்பார். ஆய்வைப் பற்றி எழுதச் சொல்லி என்னையும் படகுக்கு அழைத்திருந்தார்கள். அவரை ஒரு பிடி பிடிப்பது என்று முடிவு செய்துகொண்டுதான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சிலிருந்து ரயிலேறினேன்.

படகில் நாங்கள் நாலு பேர். பேராசிரியர், நான், படகோட்டி பாலன், ஆய்வு மாணவி விஷ்ணுப்ரியா. துறைமுகத்துக்குப் பக்கத்து ஊரான பண்டமாரான் பெண். அப்பா துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறார். நீருக்கடியில் ஒலிவாங்கியை இறக்கிப் பதிவு செய்வது அவள் வேலை.

“அங்கிள், எஞ்சின் ஆஃப் பண்ணதும் அரை மணி நேரம் யாரும் அசையக்கூடாது. கால தேச்சாகூட கீழ கேக்கும். இன்னிக்குத்தான் லாஸ்ட் போட். இந்த ரெக்கார்டிங் கிடைக்கலன்னா என் தீசிஸ் காலி.”

“தும்மல் வந்தா?”

“கடல்ல குதிச்சிருங்க.”

பாலன் சிரித்தார். பேராசிரியர் சிரிக்கவில்லை. அறிவியலில் சிரிப்புக்கு இடமில்லை போலிருக்கிறது.

கெத்தாம் தீவுக்குக் கொஞ்சம் முன்னால், சதுப்புக் காட்டை ஒட்டி நின்றோம். கறுப்புக் கேபிள் தண்ணீருக்குள் நழுவிப் போனது. எனக்கும் பேராசிரியருக்கும் ஆளுக்கொரு ஹெட்ஃபோன். விஷ்ணுப்ரியா திரையில் கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மணி ஏழு பத்து. எஞ்சின் நின்றது.

முதலில் இறால்களின் சத்தம். எண்ணெயில் கடுகு வெடிப்பது போல. வெகு தூரத்தில் ஒரு கப்பல். டால்பின் எதையும் காணோம்.

பேராசிரியரோ கண்ணை மூடி, கச்சேரியில் முன்வரிசைக்காரர் மாதிரி தலையாட்டிக்கொண்டிருந்தார். இறாலுக்கு! எனக்குத் தாங்கவில்லை. ஒரு தட்டுச் சத்தத்தை டால்பின் என்று அவரைச் சொல்ல வைத்தால் கட்டுரை தன்னைத்தானே எழுதிக்கொள்ளும். உட்கார்ந்திருந்த பலகைக்கு அடியில் கையை விட்டேன். மோதிரத்தால் படகைத் தட்டினேன்.

டக்... டக்... டக்.

பேராசிரியரின் கண் திறந்தது. டால்பின் என்று சொல்லவில்லை. என்னைப் பார்க்கவும் இல்லை. படகின் தரையைப் பார்த்தார்.

டக்... டக்... டக்.

இது நானில்லை.

என் இரண்டு கையும் மடியில் இருந்தன. விஷ்ணுப்ரியாவின் கைகள் கணினியில். பாலன் பின்னால், பற்ற வைக்காத சிகரெட்டோடு, சிலை மாதிரி நின்றார்.

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை. இப்போது காலில் தெரிந்தது. வெறும் பாதத்துக்கு நேர் கீழே.

காலை நகர்த்தினேன்.

அதுவும் நகர்ந்தது.

டக்... டக்... டக்.

வேகமாக. இன்னும் வேகமாக. பூட்டிய அறைக்குள்ளிருந்து தட்டுவது போல...

கத்திவிட்டேன்.

“எஞ்சின்! ஸ்டார்ட் பண்ணு!” பேராசிரியரின் குரல் அது என்று முதலில் எனக்கு விளங்கவில்லை.

“ப்ரொஃப், பதினோரு நிமிஷம்தான் ஆச்சு! ப்ளீஸ்!”

எஞ்சின் உறுமியது. கேபிள் இழுபட்டு அறுந்தது.

அறுந்த நுனியைப் பிடித்துக்கொண்டு விஷ்ணுப்ரியா வழியெல்லாம் அழுதாள்.

“என்னாண்ணே, நீங்களா கத்துனது? பொம்பளப் பிள்ளயே கத்தல லா,” என்றார் பாலன்.

“ஸ்கிரீன்ல மூணு மூணா வந்துச்சு. யாரோ தட்டிருக்கீங்க,” என்றாள் அவள். “யாரு?”

நான் கடலைப் பார்த்தேன். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் இல்லை. இருந்தும் கரை வரும்வரை பார்த்தேன்.

அதற்குப் பிறகு தூக்கம் இல்லை. பயத்தால் என்று சொன்னால் கௌரவமாக இருக்கும். அந்தப் பெண்ணின் முகம்தான் வந்து வந்து நின்றது. ஊரில் உள்ள பெரிய மனிதர்களை எல்லாம் கிழித்தவன், ஒரு சின்னப் பெண் ‘யாரு’ என்று கேட்டதற்கு வாயைத் திறக்கவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது. கடைசியில் பட்டப்பகலில் பேராசிரியரின் அறைக்குப் போனேன்.

“சார், அன்னிக்கு மொதல்ல தட்டினது நான். உங்களக் கிண்டல் பண்ணத்தான். அந்தப் பொண்ண விட்றாதீங்க. இன்னொரு போட் குடுங்க.”

திட்டுவார் என்று நின்றேன்.

“எத்தன தடவ தட்டினீங்க?”

“மூணு.”

எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

மாணவராக இருந்தபோது அதே இடத்தில் அவர்களுடைய ஆய்வுப் படகு கவிழ்ந்ததாம். கூட வந்த இரண்டு நண்பர்களும் கவிழ்ந்த படகுக்கு உள்ளே மாட்டிக்கொண்டார்கள். இவர் மேலே, படகின் முதுகில்.

“மூணு தட்டுவேன். ‘பொறுங்கடா, ஆளு வருது’ன்னு அர்த்தம். உள்ளருந்து பதில் வரும். விடிய விடிய அப்படியே இருந்தோம்.” மேசையைப் பார்த்தபடி சொன்னார். “இத்தன வருஷமா அங்க போய் நிக்கிறேன். கேட்டதே இல்ல. மேலருந்து யாரும் மொதல்ல தட்டல. அதான்.”

சுவர் முழுக்கப் பட்டங்கள் தொங்கின. அவற்றைத்தான் கேலி செய்ய நினைத்திருந்தேன். தரைக்குள் புதைந்துவிடலாம் போலிருந்தது.

“ப்ரியாவுக்கு வேற எடத்துல ஏற்பாடு பண்றேன். அந்தப் பக்கம் இனி போட் போவாது.”

நன்றி சொல்லிவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். வாய் சும்மா இருக்கவில்லை.

“விடிஞ்சப்புறம்தான் செத்தாங்களா, சார்?”

“போஸ்ட்மார்ட்டம் பண்ண டாக்டர் சொன்னாரு... படகு கவுந்தப்பவே ரெண்டு பேருக்கும் மண்டையில அடி. அந்த நிமிஷமே போயிட்டானுங்க.”

“அப்ப ராத்திரி பூரா உங்களுக்குப் பதில் தட்டினது?”

தலையை மட்டும் அசைத்தார். தெரியாது.

எனக்கும் தெரியாது. ஆனால் அதனிடம் நானும் மூன்று முறை தட்டிச் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்... பொறு, வருகிறேன் என்று.